ஃபெட் சிமுலேஷன்கள்: ஆசிரியராகப் பயில்பவரின் மதிப்பீடு

வகுப்பறைத் தொழில்நுட்பம் என்ற பெயரில் ஆசிரியர் பயிற்சியில் நாம் பெரும்பாலும் கற்பது, கரும்பலகையில் எழுதக்கூடியதைத் திரையில் காட்டும் கலையைத்தான். படவில்லைகளை அழகாக அடுக்கவும் காணொளியை உரிய இடத்தில் நிறுத்தவும் தெரிந்துவிட்டால் அந்தப் பாடத்தில் தேறிவிடலாம். இத்தகைய பயிற்சிக்கு நடுவே, மாணவரிடம் எதைக் கேட்பது என்று நம்மை உட்கார்ந்து யோசிக்க வைக்கும் கருவியாக நான் கண்டது கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) சிமுலேஷன் தொகுப்பு, அதாவது அறிவியல் நிகழ்வுகளை மாணவரே திரையில் இயக்கிப் பார்க்கும் கணினித் தொகுதிகள். அறிவியல் ஆசிரியராகத் தயாராகும் ஒருவருக்கு அது எவ்வளவு தூரம் கைகொடுக்கிறது, எங்கே கைவிடுகிறது என்பதே இந்த மதிப்பீட்டின் பொருள்.

2001-ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட கார்ல் வீமன், 2002-இல் தொடங்கிய திட்டம் இது. இயற்பியலில் ஆரம்பித்து இன்று வேதியியல், உயிரியல், புவி அறிவியல், கணிதம் வரை விரிந்திருக்கிறது. கட்டணம் கிடையாது, இயக்குவதற்குக் கணக்கு எதுவும் தொடங்க வேண்டியதில்லை, இணைய உலாவி இருந்தால் போதும்.

பயிற்சியில் இருப்பவர்கள் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது, நேர்த்திசை மின்னோட்டத்துக்கான மின்சுற்றுத் தொகுதி என்பது என் கருத்து. பேட்டரி, பல்பு, கம்பி, சாவி ஆகியவற்றை இழுத்து இணைத்தால் சுற்று உயிர்பெற்றுக் கம்பிக்குள் எலக்ட்ரான்கள் நகர்வது தெரிகிறது. இதன் உண்மையான மதிப்பை உணர, மாணவர்கள் மனத்தில் மிக ஆழமாக வேரூன்றியிருக்கும் ஒரு தவறான கருத்தை நினைவுகூர வேண்டும். மின்னோட்டத்தின் ஒரு பகுதியை முதல் பல்பு செலவழித்துவிடுகிறது, மிச்சம்தான் அடுத்த பல்புக்குப் போய்ச் சேர்கிறது என்று பலரும் நம்புகிறார்கள். ஓமின் விதியை மனப்பாடமாகச் சொல்பவர்களும் இதற்கு விலக்கல்ல. தொகுதியில் இயல்பாக அமைந்திருக்கும் 9 வோல்ட் பேட்டரியோடு 10 ஓம் பல்பு ஒன்றை இணைத்தால் அம்மீட்டர் 0.90 ஆம்பியர் காட்டும். அதே அளவுள்ள இரண்டாவது பல்பைத் தொடரிணைப்பில் சேர்த்துவிட்டு, அளவுமானியை நகர்த்துவதற்கு முன், முதல் பல்புக்கு முன்னாலும் இரண்டுக்கும் நடுவிலும் கடைசியிலும் என்னென்ன அளவு வரும் என்று ஒவ்வொருவரையும் தாளில் எழுதச் சொல்ல வேண்டும். மூன்று இடத்திலும் 0.45 என்று வரும்போது எழுந்து வரும் வாதம்தான் பாடம். பிறகு பக்க இணைப்புக்கு மாற்றினால் ஒவ்வொரு பல்பிலும் மீண்டும் 0.90, பேட்டரியில் 1.80, பேட்டரி எப்போதும் ஒரே அளவு மின்னோட்டத்தைத்தான் தரும் என்ற இன்னொரு நம்பிக்கையும் அங்கே ஆட்டம் காண்கிறது.

முதலில் கணிக்க வைத்து, பிறகு பார்க்க வைத்து, அதன் பின் விளக்கச் சொல்லும் இந்த வரிசையைத் திரை தானாக நடத்தித் தராது. ஆசிரியர் கேட்காவிட்டால் மாணவர்கள் பல்பை எரியவைத்துப் பார்த்துவிட்டு, பேட்டரியின் இரு முனைகளையும் கம்பியால் நேராக இணைத்து அதைத் தீப்பிடிக்க வைப்பதில் மூழ்கிவிடுவார்கள். (குறுக்குச் சுற்றின் ஆபத்தை விரல் சுடாமல் காட்டும் அந்த ஏற்பாட்டை நான் குறை சொல்லவில்லை, பெரியவர்களும் முதலில் அதைத்தான் செய்கிறார்கள்.) தொழில்நுட்ப அறிவு, பாட அறிவு, கற்பிக்கும் அறிவு ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்க வேண்டும் என்று 2006-இல் கல்வி ஆய்வாளர்கள் மிஷ்ராவும் கோலரும் முன்வைத்த சட்டகத்தைத் தேர்வுக்காகப் படித்துவிட்டு மறந்துவிடுகிறோம். இந்த ஒரு தொகுதியை வைத்துப் பாடக்குறிப்பு எழுதிப் பார்த்தால், பொத்தான்களைப் பற்றிய அறிவு கால் மணி நேரத்தில் வந்துவிடுவதும், எந்தத் தவறான கருத்தைக் குறிவைப்பது என்ற அறிவுதான் பல நாள் வேலை என்பதும் தெளிவாகப் புரிந்துவிடும்.

சிறு வசதி ஒன்றையும் குறிப்பிட வேண்டும். பொருள்களின் உருவமாகத் தெரியும் சுற்றை ஒரே சொடுக்கில் குறியீட்டுச் சுற்றுப்படமாக மாற்றலாம். புத்தகத்திலுள்ள படத்துக்கும் மேசையில் கிடக்கும் கம்பிகளுக்கும் தொடர்பு காண முடியாமல் தவிக்கும் மாணவருக்கு இந்த மாற்றம் பல பக்க விளக்கத்துக்குச் சமம். எலக்ட்ரான் ஓட்டத்தையும், நேர்முனையிலிருந்து எதிர்முனைக்குப் பாய்வதாகக் கொள்ளும் மரபு மின்னோட்டத்தின் அம்புக்குறிகளையும் மாற்றி மாற்றிக் காட்டும் தெரிவும் அதே அளவுக்குப் பயனுள்ளது.

குறைகள் இல்லாமல் இல்லை. திரையில் எல்லாமே ஒழுங்காக நடக்கிறது: கம்பி தளர்வதில்லை, முனை துருப்பிடிப்பதில்லை, அளவீட்டில் பிழை வருவதில்லை. கம்பியின் மின்தடையையும் பேட்டரியின் அகமின்தடையையும் கூட்டிப் பார்க்கும் அமைப்பு இருந்தாலும், தேடித் திறந்தால்தான் அது கண்ணில் படும். எலக்ட்ரான்கள் உருண்டைகளாகத் தெரிவதை மாணவர்கள் அப்படியே உண்மை என்று எடுத்துக்கொள்ளும் அபாயமும் உண்டு. சாதாரணக் கம்பியில் எலக்ட்ரான்களின் நகர்வு வேகம் நொடிக்கு ஒரு மில்லிமீட்டரைக்கூடத் தொடுவதில்லை; அப்படியிருக்கச் சாவியைப் போட்டவுடன் பல்பு எப்படி எரிகிறது என்று ஆசிரியர் கேட்டால், சுற்றிலுள்ள எல்லா எலக்ட்ரான்களும் ஒரே நேரத்தில் நகரத் தொடங்குவதைத் திரையிலேயே சுட்டிக்காட்ட முடியும். கேட்காவிட்டால் அந்தக் காட்சி வெறும் அலங்காரமாகப் போய்விடும்.

அப்படியானால் உண்மையான கம்பியும் பல்பும் வேண்டாமா என்ற கேள்விக்கு ஓர் ஆய்வு சுவையான பதிலைத் தருகிறது. ஃபின்கெல்ஸ்டைன் குழுவினர் 2005-இல் வெளியிட்ட அந்த ஆய்வில், ஆய்வகக் கருவிகளுக்குப் பதிலாக இதே மின்சுற்றுத் தொகுதியின் அன்றைய வடிவத்தைக் கையாண்ட கல்லூரி மாணவர்கள், கருத்து வினாக்களில் மட்டுமல்லாமல் உண்மையான சுற்றை அமைத்து விளக்குவதிலும் மற்றவர்களைவிடச் சிறப்பாகச் செய்தார்கள். இதைக் காட்டி ஆய்வகத்தைப் பூட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன். அளவீட்டுப் பிழையைக் கையாளும் பழக்கமும், எரியாத பல்பின் குறையைத் தேடிக் கண்டுபிடிக்கும் பொறுமையும் கைவேலையில்தான் வரும். கருத்து தெளிவதற்குத் திரையும் திறன் வளர்வதற்கு மேசையுமாக இரண்டையும் ஒரே வாரத்தில் அமைத்துக்கொள்வதே சரி என்று எனக்குத் தோன்றுகிறது.

மற்றத் தொகுதிகளில், சறுக்குப் பலகை வீரரைக் கொண்டு ஆற்றல் மாற்றத்தை விளக்கும் தொகுதி அருமையானது. உராய்வைக் கூட்டியதும் இயக்க ஆற்றலும் நிலையாற்றலும் குறைய, வெப்ப ஆற்றல் வளர்ந்து, மொத்த ஆற்றல் மாறாமல் நிற்பதைப் பட்டை வரைபடம் உடனுக்குடன் காட்டுகிறது. அணுவைக் கட்டும் தொகுதி தொடக்க நிலைக்கு நல்லது. புரோட்டான், நியூட்ரான், எலக்ட்ரான்களைச் சேர்க்கச் சேர்க்கத் தனிமத்தின் பெயரும் மின்சுமையும் மாறும். எலக்ட்ரான்களைச் சுற்றுப்பாதையாகவும் மேகமாகவும் மாற்றிக் காட்டும் வசதியால், மாதிரி வேறு உண்மை வேறு என்ற உரையாடலைச் சின்ன வகுப்பிலேயே தொடங்கிவிடலாம்.

இவற்றில் நீண்ட அறிவுரைகள் கிடையாது. இழுத்துப் பார்த்துத் தானாகப் புரிந்துகொள்ளும்படி வடிவமைத்திருக்கிறார்கள். நுண்ணிலைக் கற்பித்தல் பயிற்சியில் என்னோடு பயில்பவர்களே மாணவர்களாக அமர்ந்தபோது, முதல் சில நிமிடங்கள் யாரும் ஆசிரியர் சொன்னதைக் கேட்கவில்லை. அந்த நேரத்தை விளையாட்டுக்கென்றே பாடக்குறிப்பில் ஒதுக்கிவிடுவதுதான் விவேகம்.

நடைமுறைச் செய்திகள் சில. இணைய வசதி நிலையாக இல்லாத பள்ளிக்கு, ஒவ்வொரு தொகுதியையும் தனிக் கோப்பாக முன்கூட்டியே தரவிறக்கிக்கொண்டு இணைப்பில்லாமல் இயக்கலாம். கைபேசியின் சிறிய திரையில் கம்பிகளை இணைப்பது எரிச்சலூட்டும். கணினியோ பெரிய திரையுள்ள கைக்கணினியோ இருந்தால் நல்லது. மொழிபெயர்ப்புகளைப் பல மொழிகளில் தன்னார்வலர்கள் செய்வதால், எடுக்கப்போகும் தொகுதியின் சொற்கள் உங்கள் பாடநூலின் கலைச்சொற்களோடு ஒத்துப்போகின்றனவா என்று முன்னாலேயே சரிபார்த்துக்கொள்ள வேண்டும். ஜாவா நிரல்மொழியில் எழுதிய பழைய தொகுதிகள் சில இன்னும் புது வடிவம் பெறவில்லை. பயிற்சி வகுப்புக்கு அவற்றை நம்பிப் போகாதீர்கள்.

பெரிய குறை என்று நான் கருதுவது, எந்த மாணவர் எதைச் செய்து பார்த்தார் என்ற பதிவு ஆசிரியருக்குக் கிடைக்காததுதான். வேறு ஆசிரியர்கள் எழுதிப் பகிர்ந்த செயல்தாள்கள் அந்தத் தளத்தில் ஏராளமாக உண்டு என்றாலும் தரம் சீராக இல்லை. "இந்தப் பொத்தானை அழுத்து, அந்த எண்ணை 20 ஆக்கு" என்று படிப்படியாக ஆணையிடும் தாள்கள், கண்டுபிடிப்பதற்கென்றே செய்த கருவியைச் சமையல் குறிப்பாக்கிவிடுகின்றன. அவற்றை எடுத்தால் ஆணைகளை அடித்துவிட்டுக் கேள்விகளை மட்டும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கேள்விக்கும் கீழே கணிப்பை எழுத இரண்டு வரி இடம் விடுங்கள். வகுப்பு முடிந்ததும் யார் எப்படி யோசித்தார் என்று பார்க்க ஆசிரியர் கையில் மிஞ்சுவது அந்தத் தாள் மட்டும்தான்.