குட்டை ஜெரேனியம்: பல வருடம் வளர்த்த பிறகு சொல்வது

நான் விடாமல் வளர்த்துவரும் பூச்செடி குட்டை ரகப் பெலர்கோனியம்தான். நர்சரியில் ஜெரேனியம் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். ஜன்னலோரம் ஒரு சாண் இடமும் நாலைந்து மணி நேர வெயிலும் கிடைத்தால் மாதக்கணக்கில் பூக்கும். இவ்வளவு சின்னச் செடியில் இத்தனை பூவை நான் வேறு எதிலும் பார்த்ததில்லை.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கச்சிதமாகத் தெரியும் செடியெல்லாம் பிறவிக் குட்டை இல்லை. பெரிய பண்ணைகளில் குளோர்மெக்வாட் போன்ற வளர்ச்சியடக்கி மருந்து தெளித்து உயரத்தைக் கட்டுப்படுத்துவது உண்டு. மருந்தின் வேகம் குறைந்ததும் கணுவிடை நீண்டு, செடி நெடுநெடுவென்று போய்விடும். வளர்த்தவரோ தன் கவனிப்பில்தான் ஏதோ குறை என்று வருந்துவார். ஆகவே ரகத்தின் பெயர் தெரிந்து வாங்குவது நல்லது. தொட்டி விளிம்பிலிருந்து 13 செ.மீ.க்குள் இலைப்பரப்பு நிற்பவை மினியேச்சர். சுமார் 20 செ.மீ. வரை வளர்பவை ட்வார்ஃப்.

பெரிய தொட்டி வேண்டாம். வேர் நெருக்கமாக இருந்தால்தான் நன்றாகப் பூக்கும். இடம் தாராளமானால் இலைதான் பெருகும். தழைச்சத்து அதிகமுள்ள உரமும் அதே வேலையைத்தான் செய்யும். தக்காளிக்குப் போடும் பொட்டாஷ் மிகுந்த திரவ உரத்தைப் பாதி அளவில் கலந்து ஊற்றுகிறேன். மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர். ஈரம் தேங்கினால் தண்டின் அடி கறுத்து அழுகும், அதன்பின் அந்தச் செடியைக் காப்பாற்றுவது கடினம்.

வாடிய பூங்கொத்தைக் காம்போடு அடியில் ஒடித்துவிடுங்கள். நுனி கிள்ளினால் பக்கக்கிளை வரும். பூ சில வாரம் தள்ளிப்போகும், பரவாயில்லை. கடும் வெப்பத்தில் பூப்பது தானாகவே நின்றுவிடும், அப்போது உரத்தைக் குறைத்துவிட்டுக் காத்திருந்தால் போதும்.

வயதான செடியின் அடித்தண்டு கட்டையாகிவிடும். அதற்கு முன்பே நுனித்தண்டை வெட்டி, வெட்டுவாய் சற்று உலர்ந்ததும் மணல் கலந்த மண்ணில் நட்டுவிடுகிறேன். பாலித்தீன் மூடி போடத் தேவையில்லை, போட்டால் அழுகும்.

இலையின் அடியில் பழுப்பு வளையங்கள் தெரிந்தால் அது துரு நோய். அந்த இலைகளை உடனே கிள்ளி அப்புறப்படுத்துங்கள், இலை நனையாமல் தண்ணீர் விடுங்கள். அப்புறம், பூனையோ நாயோ வளர்ப்பவர்கள் எட்டாத இடத்தில் வையுங்கள். தின்றால் அவற்றுக்கு வாந்தி வரும்.