ஏர்மார் டிஎஸ்டி810: பந்தயப் பாய்மரப் படகில் நீரோட்டத்தை அளக்க இது போதுமா?

சிட்னியிலிருந்து ஹோபார்ட் வரை 628 கடல் மைல் ஓடும் பந்தயத்தில், கிழக்கு ஆஸ்திரேலிய நீரோட்டத்தைச் சரியான இடத்தில் பிடித்துவிட்ட படகை மற்றவை துரத்திப் பிடிப்பது கடினம். தெற்கு நோக்கிப் பாயும் அந்த வெதுவெதுப்பான நீர் சில இடங்களில் 2 முதல் 3 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்தைக் கூடுதலாகத் தருவதால், படகுக்கு அடியில் இந்த நொடியில் நீர் எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதை அறியப் பந்தயக்காரர்கள் செலவைப் பார்ப்பதில்லை. அந்த ஒரு தேவையை மட்டும் மனத்தில் வைத்தே, படகின் அடிப்பகுதியில் பொருத்தப்பட்டு ஆழம், நீர்வேகம், நீர் வெப்பநிலை ஆகியவற்றை அளக்கும் ஏர்மார் நிறுவனத்தின் டிஎஸ்டி810 உணரியை இங்கே மதிப்பிடுகிறேன்.

இந்த உணரி நீரோட்டத்தை நேரடியாக அளப்பதில்லை. நிலத்தைப் பொறுத்துப் படகு செல்லும் வேகத்தையும் திசையையும் ஜிபிஎஸ் சொல்கிறது. நீரைப் பொறுத்த வேகத்தை உணரியின் சிறு சக்கரமும், படகின் முகம் நோக்கும் திசையைக் காம்பஸும் சொல்கின்றன. இரண்டுக்கும் உள்ள வேறுபாடே நீரோட்டம். அதைக் கணக்கிடுவது, படகுக் கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கும் என்எம்இஏ 2000 இணைப்பில் உள்ள திரையோ மென்பொருளோதான். ஆகவே உணரியிடம் நாம் எதிர்பார்க்க வேண்டியது நம்பகமான நீர்வேகம்.

அதில் டிஎஸ்டி810 ஏமாற்றவில்லை. படகு சாயும்போது அடிப்பகுதியை ஒட்டி ஓடும் நீர் இரு பக்கமும் ஒன்றுபோல் இராது என்பதால், பழைய வகை உணரிகள் ஒரு டேக்கில் (காற்று படகின் ஒரு பக்கத்திலிருந்து வரும் ஓட்டம்) கூடுதலாகவும் மறு டேக்கில் குறைவாகவும் காட்டுவது வழக்கம். இதனுள்ளேயே சாய்வுமானி இருப்பதால், கைப்பேசியில் உள்ள காஸ்ட் செயலி வழியாகச் சாய்வுக்கும் வேகத்துக்கும் ஏற்பத் திருத்த அட்டவணை ஒன்றை அமைத்துக்கொள்ளலாம். அதை நிரப்பப் பொறுமை வேண்டும்; நிரப்பாமல் விட்டால், இந்த உணரிக்குக் கொடுத்த கூடுதல் பணம் வீண். கூடவே கிடைக்கும் நீர் வெப்பநிலை, ஹோபார்ட் பந்தயத்தில் வெப்ப நீரின் விளிம்பைக் கண்டுபிடிக்க மிகவும் உதவும்.

பெரும்பாலானோர் கோட்டைவிடுவது காம்பஸில்தான். 6 நாட் வேகத்தில் செல்லும் படகில் காம்பஸ் 3 பாகை பிசகினால், இல்லாத நீரோட்டம் ஒன்று 0.3 நாட் அளவில் குறுக்கே ஓடுவதாகத் திரை காட்டும். காற்று தள்ளுவதால் படகு பக்கவாட்டில் நழுவுவதைக் கணக்கில் சேர்க்காவிட்டால், அந்த நழுவலும் நீரோட்டமாகவே பதிவாகும். இதைக் கண்டறிய எளிய வழி உண்டு: டேக் மாற்றிப் படகு பழைய வேகத்தை எட்டியபின், திரையில் நீரோட்டத்தைக் காட்டும் அம்புக்குறியைப் பாருங்கள். உண்மையான நீரோட்டம் நின்ற திசையிலேயே நிற்கும். படகோடு சேர்ந்து அம்புக்குறியும் திரும்பினால், அது அளவீட்டுப் பிழை. பழைய காம்பஸை வைத்துக்கொண்டு புதிய உணரி வாங்க நினைப்பவர், அந்தப் பணத்தை முதலில் காம்பஸுக்குச் செலவிடுவதே நல்லது.

சக்கரத்தில் பாசியோ நாரோ சிக்கினால் நீர்வேகம் குறைந்து, பின்னாலிருந்து நல்ல நீரோட்டம் தள்ளுவது போன்ற இனிய பொய் திரையில் தெரியும். சக்கரத்தைப் படகின் உள்ளிருந்தே அடிப்பகுதியில் பதித்த 51 மில்லிமீட்டர் உறையிலிருந்து உருவித் துடைக்கலாம். உறையிலுள்ள வால்வு நீர் பீறிட்டு வருவதைக் கட்டுப்படுத்தினாலும், கொஞ்சம் நீர் உள்ளே வரத்தான் செய்யும். நீருக்கு மேலே எழுந்து பறக்கும் ஃபாயில் படகுகளில், அடிப்பகுதியே நீரைத் தொடாது என்பதால், இது பயன்படாது.

இன்னொன்று, திரையில் தெரிவது படகு நிற்கும் இடத்து நீர் மட்டுமே. பத்து மைல் தொலைவில் உள்ள சுழலைப் பற்றி முன்கணிப்பு வரைபடம்தான் சொல்ல வேண்டும். அந்தச் சுழல் வரைபடத்தில் போட்ட இடத்திலேயே இருக்கிறதா, நகர்ந்துவிட்டதா என்று சரிபார்க்கவே இந்த எண்ணைப் பயன்படுத்த வேண்டும். நொடிக்கு நொடி துள்ளும் எண்ணை நம்பிச் சுக்கானைத் திருப்பாமல், சில நிமிடச் சராசரியைத் திரையில் வைத்துக்கொள்வது நல்லது.