பழைய வேகப் படகுக்கு எந்த டிரைவ்: அல்பாவா, பிராவோவா, இரட்டைப் புரொப்பெல்லரா?

மட்டக்களப்பு கல்லடியில் மச்சானின் வளவுக்குள் ஒரு பழைய வேகப் படகு கட்டை மேல் ஏறி இரண்டு மாரி கடந்துவிட்டது. இருபத்தொரு அடி நீளம், வீ வடிவில் கூரான அடிப்பகுதி, உள்ளே 5.7 லீட்டர் எட்டுச் சிலிண்டர் பெற்றோல் எஞ்ஜின். எஞ்ஜின் பரவாயில்லை. பின்னால் தொங்கும் டிரைவை, அதாவது எஞ்ஜினின் சுழற்சியைப் புரொப்பெல்லருக்குக் கொண்டுபோகும் கியர்ப் பகுதியை (மெர்க்குரூசர் நிறுவனத்தின் அல்பா வன்), திறந்தால் கியர் ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில் வந்தது. புரொப்பெல்லரைக் கழற்றியதும் காரணம் தெரிந்தது. தண்டைச் சுற்றி இறுகிக் கிடந்த தங்கூசி (மீன்பிடி நைலோன் நூல்), தண்ணீர் உள்ளே புகாமல் தடுக்கும் ரப்பர் சீல் வளையத்தை அறுத்திருந்தது. தங்கூசி வலைக்குத் தடை இருந்தும் வாவியில் அதற்குக் குறைவில்லை.

சரி, டிரைவை மாற்றத்தானே வேண்டும், நல்லதாகவே போடுவோம் என்று மச்சான் அதே நிறுவனத்தின் பெரிய டிரைவான பிராவோ வன் பக்கம் சாய்ந்துவிட்டார். "எது மச்சான் வேகமாப் போகும்?" என்றுதான் கேட்டார். நான் திருப்பிக் கேட்டது, "எஞ்ஜினை மாத்துற எண்ணம் இருக்கா?"

ஏனென்றால் இந்த இரண்டுக்கும் உள்ள முதல் வித்தியாசம் வேகம் அல்ல, தாங்கும் பலம். அல்பா ஏறத்தாழ 300 குதிரைவலுவுக்கு உட்பட்ட எஞ்ஜின்களுக்கானது. மச்சானிடம் இருப்பது 260. அலையில் படகு துள்ளும்போது புரொப்பெல்லர் காற்றில் வெறுமனே சுழன்று, விழும்போது தண்ணீரைக் கவ்வும். அந்த ஒரு அடியில்தான் கியர்ப் பற்கள் உடையும். வாவிக்குள் மட்டும் ஓடுகிறவருக்கு அது பெரிய கவலை இல்லை. முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குப் போகிறவர் யோசிக்கத்தான் வேண்டும். அவரே 7.4 லீட்டர் எஞ்ஜினும் பூட்டினால் அல்பாவை மறந்துவிடலாம். பிராவோ அந்தப் பெரிய எஞ்ஜின்களுக்காகவே வந்தது, 415 குதிரைவலு எஞ்ஜினுக்குப் பின்னாலும் ஓடியிருக்கிறது.

ஆனால் பழுது பார்க்கும் கை யாருடையது என்பதையும் பார்க்க வேண்டும். அல்பாவில் கியர் மாறுவது கீழ்க்காலுக்குள் (தண்ணீருக்குள் இருக்கும் கீழ்ப் பாதி), பல்லோடு பல் கொளுவும் முறையில். வாட்டர் பம்ப்பும் அங்கேதான். இது அப்படியே அவுட்போர்ட் மோட்டரின் அமைப்பு. மீன்பிடிப் படகுகளின் மோட்டரைக் கழற்றிப் பூட்டும் நம்மூர் மெக்கானிக் அல்பாவின் கீழ்க்காலைத் திறந்தால் எதுவும் அவருக்குப் புதிதாக இருக்காது. பிராவோவில் கியர் மாறுவது மேல் பாதியில், கூம்பு வடிவ கிளச்சில். மாறுவதே தெரியாத அளவு மென்மை. ஆனால் அதன் கியர்களைப் பிரித்துத் திரும்பப் பூட்டும்போது மெல்லிய தகடுகள் வைத்து இடைவெளியை அளந்து சரிபார்க்க வேண்டும். அந்த அளவு தப்பினால் புது டிரைவும் சீக்கிரம் பழையதாகிவிடும்.

பிராவோவுக்கு ஒரு பெரிய புள்ளி கொடுத்தே ஆகவேண்டும். அதன் கடல்நீர்ப் பம்ப் எஞ்ஜினில், பெல்ட்டில் ஓடுவது. ஆழமில்லாத இடத்தில் மணலை இழுத்து பம்ப்பின் ரப்பர்ச் சக்கரமான இம்பெல்லர் தேய்ந்தால் படகுக்குள் இருந்தபடியே மாற்றலாம். அல்பாவில் கீழ்க்காலையே இறக்க வேண்டும்.

இரட்டைப் புரொப்பெல்லர்? வொல்வோ பென்டா 1982இல் கொண்டுவந்த டூவோபுரொப்பும், மெர்க்குரூசரின் பிராவோ திரீயும் ஒன்றுக்கொன்று எதிராகச் சுழலும் இரண்டு புரொப்பெல்லர் கொண்டவை. மெதுவாகப் போகும்போது படகு ஒரு பக்கம் இழுக்காது, நேர்கோடாக நிற்கும். குடும்பத்தை ஏற்றி ஓடும் கனமான படகுக்கு அருமை. வேகப் படகு மணிக்கு 60 மைலைத் தாண்டும்போது இரண்டாவது புரொப்பெல்லர் சுமைதான். வொல்வோ என்றால் டிரைவ் பூட்டும் பின்பலகையில் இருக்கும் ஓட்டையை அடைத்து வேறு வெட்ட வேண்டும். வலையில் மாட்டினால் இரண்டையும் அவிழ்க்க வேண்டும் என்பதை மச்சானிடம் சொன்னேன், அதோடு அந்தப் பேச்சு நின்றது. இன்னொன்றும் உண்டு: பிராவோ திரீயில் துருப்பிடிக்காத எஃகுப் புரொப்பெல்லர் இரண்டு, அரிப்பு அலுமினிய உடலைத் தின்ன ஆரம்பித்தால் நிற்காது என்ற பெயர் அதற்கு.

உடல் அரிப்பு எந்த டிரைவுக்கும் பொதுதான், ஆனால் நம் வாவியில் அதற்கு ஒரு சிக்கல் இருக்கிறது. உலோகத்தைக் காக்கப் பலியாகும் துண்டுகளை நாகம் (துத்தநாகம்), அலுமினியம், மகனீசியம் என மூன்றில் ஒன்றாகப் பூட்டுவார்கள். நாகம் உப்புத் தண்ணீருக்கு. மகனீசியம் நன்னீருக்கு, உப்பில் விட்டால் சீக்கிரம் கரைந்து முடிந்துவிடும். மட்டக்களப்பு வாவியோ கச்சான் காற்று வீசும் வறண்ட காலத்தில் உவர்ப்பாகவும், மாரி வெள்ளம் இறங்கினால் நன்னீருக்குக் கிட்டவாகவும் இருக்கும். நன்னீரில் நாகத்தின் மேல் ஒரு படலம் படிந்து அது வேலை செய்வதை நிறுத்திவிடும். பார்வைக்குத் தேயாமல் நன்றாகத்தான் இருக்கும், தேய்வது டிரைவ். ஆகவே இரண்டு தண்ணீருக்கும் ஈடுகொடுக்கும் அலுமினியம் போடுங்கள்.

பாவித்த அல்பா வாங்கப் போனால் இரண்டு விஷயம் பாருங்கள். நாலு சிலிண்டருக்கான டிரைவும் எட்டுச் சிலிண்டருக்கானதும் வெளியே ஒன்றுபோலத்தான் இருக்கும், உள்ளே கியர் விகிதம் வேறு. பொருந்தாததைப் பூட்டினால் எஞ்ஜின் கத்தும், படகு போகாது. அடுத்தது தலைமுறை: ஜென் 1 (முதல் தலைமுறை) மேல் பாதியும் ஜென் 2 (இரண்டாம் தலைமுறை) கீழ்ப் பாதியும் சேராது.

என் கணக்கு இது: 5.7 எஞ்ஜின் இருக்கும்வரை அல்பா ஜென் 2 போதும், மிஞ்சும் காசில் டிரைவுக்கும் படகுக்கும் இடையில் தண்ணீர் புகாமல் மூடும் ரப்பர் உறையான பெல்லோஸும், தண்டைத் தாங்கும் கிம்பல் பேரிங்கும் புதிதாகப் போடலாம். பெல்லோஸ் ரப்பர் வெடித்தால் எந்த டிரைவானாலும் படகுக்குள் தண்ணீர்தான்.

மச்சான் 7.4ஐ இன்னும் விடவில்லை. நல்லவேளை, அல்பாவுக்கும் பிராவோவுக்கும் பின்பலகை ஓட்டை ஒன்றே. பலகை மட்டும் 2 முதல் 2¼ அங்குலத் தடிப்பில் உறுதியாக இருக்க வேண்டும். போன ஞாயிறு சுத்தியலால் தட்டிப் பார்த்தோம். வலது பக்கக் கீழ் மூலை மொத்தென்று சத்தம் போட்டது. இப்போது டிரைவ் பேச்சை வைத்துவிட்டு ஊறிப்போன ஒட்டுப்பலகையைச் சுரண்டிக்கொண்டிருக்கிறோம்.