எழுபது வயதில் பாடிய அடுத்தவர் பாட்டுகள்: ஜானி கேஷின் 'அமெரிக்கன் 4'

பிடித்த கவர் வெர்ஷன், அதாவது ஒருவர் பாட்டை இன்னொருவர் திரும்பப் பாடியது, எது என்று பாட்டுப் பைத்தியங்கள் கூடுகிற இடத்தில் பேச்சு வந்தால், நான் ஒரு முழு ஆல்பத்தையே சொல்வேன். 2002 நவம்பரில் வெளிவந்த ஜானி கேஷின் 'அமெரிக்கன் 4: தி மேன் கம்ஸ் அரவுண்ட்'. மொத்தம் 15 பாட்டு. பெரும்பாலானவை வேறு யாரோ எழுதி, வேறு யாரோ பாடி, உலகம் ஏற்கெனவே மனப்பாடம் செய்துவிட்டவை. ஒரே கீர்த்தனையை நாலு வித்வான்கள் பாடக் கேட்டு, யார் எதை எப்படி எடுத்தார்கள் என்று பேசியே வளர்ந்த நமக்கு இந்த மாதிரி ஆல்பம் ரொம்பப் பொருத்தம்.

கேஷ் 1932-இல் ஆர்கன்ஸாவில் பிறந்தவர். ஐம்பதுகளில் பாட வந்து, நாட்டுப்புற கன்ட்ரி இசையில் பெரிய பெயர் எடுத்தவர். தொண்ணூறுகளில் வானொலிகள் அவரைக் கிட்டத்தட்ட மறந்திருந்த நேரத்தில் ரிக் ரூபின் தேடி வந்தார். ஹிப் ஹாப்பும் மெட்டலும் தயாரித்த ஆள். கேஷை ஒரு கிட்டாரோடு உட்காரவைத்து, சுற்றியிருந்த அலங்காரங்களை எல்லாம் எடுத்துவிட்டார். 1994-இல் இந்த 'அமெரிக்கன்' வரிசையின் முதல் ஆல்பம். நான்காவது வரும்போது கேஷுக்கு வயது 70, உடம்பு தளர்ந்துவிட்டது. குரல் நடுங்குகிறது, சில இடங்களில் மூச்சு போதவில்லை. ரூபின் அதை மறைக்கவில்லை. இந்த ஆல்பத்தின் பலமே அதுதான்.

'ஹர்ட்' பாட்டைப் பலர் கேட்டிருப்பீர்கள். 1994-இல் தன் நைன் இன்ச் நெயில்ஸ் இசைக்குழுவுக்காக ட்ரென்ட் ரெஸ்னர் எழுதியபோது அவருக்கு முப்பதுகூட ஆகவில்லை. தன்னையே வெறுக்கும் ஓர் இளைஞன், ஊசி, பழைய வலி, யாரை நம்பினாலும் கடைசியில் போய்விடுகிறார்கள் என்ற கசப்பு. மூலத்தில் கிசுகிசுப்பான குரல், அபஸ்வரம் தட்டுகிற கிட்டார், பின்னால் இரைச்சல். கேஷ் மாற்றியது ஒரே சொல்தான். தலையில் சூடிய மகுடத்தைப் பற்றிய வரியில் இருந்த கெட்ட வார்த்தையை எடுத்துவிட்டு முள்முடி ஆக்கினார். மற்றதெல்லாம் அதே வரிகள். ஆனால் 70 வயதுக்காரர் ஊசி என்று பாடும்போது ஆஸ்பத்திரிப் படுக்கையும் நினைவுக்கு வருகிறது. போய்விட்டவர்கள் என்று பாடும்போது இறந்துபோனவர்கள் வருகிறார்கள்.

இங்கிலீஷ் தெரியாத என் அம்மா சமையலறையிலிருந்து இதைக் கேட்டுவிட்டு, "யாருடா இது, உடம்பு முடியாதவரா? முடியாமப் பாடுறாரே" என்று கேட்டார். வரி ஒன்றுகூடப் புரியாதவருக்கு அது போய்ச் சேர்ந்துவிட்டது.

மார்க் ரோமனெக் எடுத்த வீடியோவையும் பாருங்கள். டென்னசியில் கேஷின் வீடு, மூடிக்கிடந்த அவருடைய அருங்காட்சியகம், நடுநடுவே இளமைக்காலப் படச்சுருள்கள். மனைவி ஜூன் கார்ட்டர் படியில் நின்று அவரைப் பார்க்கும் ஒரு காட்சி உண்டு. 2003 மே மாதம் ஜூன் கார்ட்டர் இறந்துபோனார், செப்டம்பரில் கேஷும் போனார். தன் பாட்டை இன்னொருவர் பாடுவது பற்றி முதலில் தயங்கிய ரெஸ்னர், வீடியோவைப் பார்த்த பிறகு அது இனி தன்னுடையது இல்லை என்று ஒப்புக்கொண்டார்.

எல்லோரும் 'ஹர்ட்'டோடு நிறுத்திவிடுகிறார்கள், எனக்கு அதுதான் வருத்தம். என்னைப் பொறுத்தவரை ஆல்பத்தின் உச்சம் அடுத்த பாட்டு, 'கிவ் மை லவ் டு ரோஸ்'. இது கேஷ் தானே எழுதி 1957-இல் பாடியது, அதாவது தன்னையே கவர் செய்கிறார். சிறையிலிருந்து விடுதலையாகி வீட்டுக்குக் கிளம்பியவன் தண்டவாளத்தின் ஓரம் செத்துக்கொண்டிருக்கிறான். வழியில் போகிறவனிடம், என் மனைவி ரோஸிடம் என் அன்பைச் சொல், அம்மாவுக்கு உதவியாக இருக்கும்படி என் மகனிடம் சொல் என்கிறான். 25 வயதுக் கேஷ் பாடுவதில் கேட்பது அந்த வழிப்போக்கனின் குரல். 70 வயதில், தண்டவாளத்தின் ஓரம் கிடப்பவனே பேசுகிறான். மெட்டு அதே, வரிகள் அதே. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள், தயவுசெய்து.

அப்புறம் 'ஐ ஹங் மை ஹெட்'. ஆங்கிலேயப் பாடகர் ஸ்டிங் 1996-இல் பாடியது. அண்ணனின் துப்பாக்கியை எடுத்துக் குறிபார்த்து விளையாடுகிறவன் கைதவறி, தூரத்தில் குதிரையில் போகிறவனைக் கொன்றுவிடுகிறான். தூக்கு மேடையில் முடிகிறது கதை. மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கும் என் அத்தை மகனுக்கு, கவர் என்றால் ஒரிஜினல் மாதிரியே இருக்க வேண்டும். அவனுக்கு ஸ்டிங்கைப் போட்டுக் காட்டினேன். தொடையில் தட்டிப் பார்த்து, "ஒன்பது எண்ணிக்கை, கஷ்டமான கணக்கு" என்று ரசித்தான். கேஷ் அந்தக் கணக்கையே தூக்கிவிட்டு நேராக நாலு எண்ணிக்கையில் பாடுகிறார். அதைக் கேட்டு முடித்தவன், "இதுல கதை மட்டும்தான் காதுல விழுது" என்றான். சரியாகச் சொன்னான். ஸ்டிங்கிடம் நான் ரசித்தது சங்கீதத்தை. கேஷிடம் அந்தப் பையனுக்காகத் துடித்தேன்.

'பர்சனல் ஜீசஸ்' 1989-இல் டெப்பெஷ் மோட் என்ற குழு செய்த, நடனத்துக்கு ஏற்ற பாட்டு. கேஷ் கையில் அது நாட்டுப்புறத் தேவாலயத்துப் பாட்டாகிவிடுகிறது. ஜான் ஃப்ரூஷியான்டேயின் கிட்டார் அபாரம். 'இன் மை லைஃப்' பாட்டை பீட்டில்ஸுக்காகப் பாடியபோது ஜான் லெனனுக்கு 25 வயது. திரும்பிப் பார்க்கிற அந்த வரிகள் கேஷ் வயதுக்காகவே காத்திருந்த மாதிரி இருக்கின்றன.

எல்லாம் இப்படி அமையவில்லை. 'பிரிட்ஜ் ஓவர் ட்ரபிள்ட் வாட்டர்' பாட்டுக்கு உயரே ஏறுகிற ஒரு குரல் வேண்டும், கேஷிடம் அப்போது அது இல்லை. பாடகி ஃபியோனா ஆப்பிள் கூடப் பாடியும் நிற்கவில்லை. 'டெஸ்பெராடோ'வில் புதிதாக எதுவும் நடக்கவில்லை. 'டேனி பாய்' நீளுகிறது. இந்த மூன்றையும் எடுத்திருந்தால் ஆல்பம் இன்னும் இறுக்கமாக வந்திருக்கும். ஒலிப்பதிவிலும் ஒரு குறை உண்டு: 'ஹர்ட்' கடைசியில் பியானோவில் ஒரே சுரத்தை அடித்துக்கொண்டே ஏறும்போது ஒலி முட்டிக் கரகரக்கிறது. மலிவான இயர்போனில் காது வலிக்கும். சத்தத்தைக் குறைத்துவைத்து ஸ்பீக்கரில் கேளுங்கள்.

ஸ்ட்ரீமிங்கில் எல்லா இடத்திலும் கிடைக்கிறது. முதல்முறை கேட்பவர்கள் 'ஹர்ட்', 'பர்சனல் ஜீசஸ்', 'ஐ ஹங் மை ஹெட்' மூன்றின் மூலங்களையும் முதலில் கேட்டுவிட்டு வந்தால் கேஷ் எதை வைத்தார், எதை எடுத்தார் என்பது தெளிவாகத் தெரியும். பிடித்துப்போனால் அடுத்து 2000-இல் வந்த மூன்றாவது ஆல்பத்துக்குப் போங்கள். அதில் யூ2 குழுவின் 'ஒன்' இருக்கிறது.