நன்னடத்தைப் பதக்கம்: தரைப்படையா, கடற்படையா?

அமெரிக்கப் படைவீரர்களுக்கு வழங்கப்படும் நன்னடத்தைப் பதக்கங்களைச் சேகரிக்க விரும்புவோர் எதில் தொடங்குவது என்று தடுமாறுகிறார்கள்.

தொடக்கம்: கடற்படை 1869, தரைப்படை 1941.

மறுவிருது (அதே பதக்கம் மீண்டும் கிடைத்தால்): கடற்படையில் நாடாமீது சிறு வெண்கல நட்சத்திரம், ஐந்து சேர்ந்தால் ஒரு வெள்ளி. தரைப்படையில் வெண்கலக் குறுக்குப் பட்டை, அதில் முடிச்சு முடிச்சாகக் கண்ணிகள். ஆறாவது விருதுக்கு வெள்ளிப் பட்டை, ஒரே கண்ணி. பதினொன்றாவதிலிருந்து பொன்னிறம்.

எண்ணும்போது கவனம் தேவை. கடற்படையில் ஒரு வெண்கல நட்சத்திரம் என்றாலே இரண்டாம் விருது. முதல் விருதுக்கு நட்சத்திரம் கிடையாது. தரைப்படையின் வெண்கலக் கண்ணியோ இரண்டில்தான் தொடங்கும். இரண்டு கண்ணி, இரண்டாம் விருது. எனக்குப் பிடித்தது இந்த நேர்க்கணக்குதான்.

விலை: இரண்டாம் உலகப்போர்க் காலத் தரைப்படைப் பதக்கம் மலிவு, ஏராளம்.

புதியவர்கள் தரைப்படையில் தொடங்கலாம். வரலாற்றைத் துருவுவோர், பின்புறம் வீரரின் பெயர் பொறித்த பழைய கடற்படைப் பதக்கத்துக்குக் காத்திருக்கலாம்.