கொடைக்கானலில் ரூம் தேடுகிறவர்கள் கவனத்துக்கு: அம்மாவும் நானும் 16,400 ரூபாய் இழந்த கதை

வயதான அம்மா அப்பாவை மலைக்குக் கூட்டிப்போக ரூம் தேடிக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள். எங்களுக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கலாம்.

அம்மா ரிட்டயர்ட் தமிழ் டீச்சர், விழுப்புரத்தில் தனியாக இருக்கிறார். நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். அப்பா போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து எங்கும் போனதில்லை. போனது எல்லாம் கல்யாணமும் காதுகுத்தும்தான். இந்த முறை சனி, ஞாயிறோடு திங்கள் ஒரு நாள் லீவு போட்டு, கொடைக்கானல் என்று முடிவு செய்தோம். அம்மாவுக்கு மூட்டு வலி. அதனால் மாடி ஏறாத ரூம், வெந்நீர், வெஸ்டர்ன் டாய்லெட், இந்த மூன்றும்தான் எங்கள் நிபந்தனை.

மேப்பில் தேடியபோது நாயுடுபுரம் பக்கம் ஒரு ஹோம்ஸ்டே கண்ணில் பட்டது. தோட்டம், ஓட்டுக் கூரை, வாசலில் பச்சை கேட். நாற்பதுக்கு மேல் ரிவ்யூ, எல்லாமே ஐந்து நட்சத்திரம். அதிலிருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். எடுத்தவன் அவ்வளவு பொறுமையாகப் பேசினான். "அம்மாவுக்கு மூட்டு வலியா மேடம்? கவலையே படாதீங்க, கிரவுண்ட் ஃப்ளோர் கார்னர் ரூம் தர்றேன், பாத்ரூம்ல கைப்பிடி இருக்கு" என்றான். கைப்பிடி பற்றி நான் கேட்கவே இல்லை. அவனாகச் சொன்ன அந்த ஒரு வார்த்தையில் நான் விழுந்தேன்.

ரூம் ஒரு நாளைக்கு 3,200. அட்வான்ஸாக 3,200 கேட்டான். அனுப்பும்போது திரையில் ஹோம்ஸ்டே பெயர் வரவில்லை, யாரோ ஒரு தனி ஆளின் பெயர் வந்தது. கேட்டதற்கு "எங்க அக்கவுண்டன்ட் மேடம்" என்றான். அங்கேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். பின் நம்பர் போடுவதற்கு முன்னால் திரையில் வரும் பெயரைத் தயவுசெய்து படியுங்கள். தங்கப்போகும் இடத்தின் பெயரோ அதன் உரிமையாளர் பெயரோ இல்லையென்றால் அனுப்பாதீர்கள்.

அடுத்து இ-பாஸ். ஆளுக்கு 200 வீதம் 400 ரூபாய் வாங்கினான். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயம் என்பது எல்லோரும் கேள்விப்பட்டதுதான். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7-ஆம் தேதி முதல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அது வண்டிக்கு எடுப்பது, ஆளுக்கு அல்ல. அரசு இணையதளத்தில் நாமே பதிவு செய்துகொள்ளலாம், கட்டணம் கிடையாது. அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்குத் தேவையும் இல்லை. நாங்கள் போனது பேருந்தில்! இ-பாஸுக்கு யாராவது பணம் கேட்டால், அந்த ஆளிடம் மேற்கொண்டு பேசவே வேண்டாம்.

பாத்ரூம் பற்றி நேரடியாக விசாரிக்க ஆசைப்பட்டு அம்மா அவனோடு பேச வேண்டும் என்றார். நானே அம்மாவின் எண்ணைக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அவன் எனக்குப் போன் செய்யவே இல்லை. எல்லாம் அம்மாவுக்குத்தான்.

வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, நான் ஆபீசில் மீட்டிங்கில் இருப்பேன் என்று தெரிந்தே, அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறான். "ரூமுக்கு டெபாசிட் 6,400 கட்டணும்மா, அஞ்சு நிமிஷத்துல திரும்ப வந்துடும்." ட்ரிப் செலவு தன்னுடையது என்று முதலிலேயே பிடிவாதமாகச் சொல்லியிருந்த அம்மா உடனே கட்டிவிட்டார். பிறகு வாட்ஸ்அப்பில் ஒரு க்யூஆர் கோடு அனுப்பி, "இது ரீஃபண்ட் கோடும்மா, இதை ஸ்கேன் பண்ணுங்க, பின் நம்பர் போட்டா உங்க பணம் உங்களுக்கே வந்துடும்" என்று, ஸ்பீக்கரில் போடச் சொல்லி, ஒவ்வொரு பட்டனாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறான். அம்மா பின் போட்டார். இன்னொரு 6,400 போய்விட்டது.

பணம் நமக்கு வர வேண்டுமென்றால் பின் நம்பர் (PIN) தேவையே இல்லை. ஸ்கேன் செய்ய வேண்டியதும் இல்லை. பின் கேட்கிறது என்றாலே பணம் நம்மிடமிருந்து போகிறது என்றுதான் அர்த்தம். இதை உங்கள் அம்மாவிடம் இன்றைக்கே ஒரு முறை சொல்லிவிடுங்கள். நான் சொல்லியிருக்கவில்லை.

"சர்வர் பிரச்சினைம்மா, வந்ததும் கையில கேஷாவே தந்துடறேன்" என்று அவன் சமாதானம் சொல்ல, அம்மா இதை என்னிடம் மறைத்துவிட்டார். வெள்ளி இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸில் நான் எழும்பூரில் ஏறினேன், அம்மா விழுப்புரத்தில். கையில் ஃப்ளாஸ்க், மிளகாய்ப் பொடி தடவிய இட்லி, புது ஸ்வெட்டர். ஆனால் முகம் சரியில்லை. தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன். கொடை ரோட்டில் இறங்கி, வத்தலக்குண்டு போய், அங்கிருந்து மலைப் பேருந்து. வழி முழுக்க அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை.

பச்சை கேட் அங்கே இருந்தது. உள்ளே இருந்து வந்த காவல்காரப் பெரியவர் எங்கள் பைகளைப் பார்த்ததுமே நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "ஏம்மா, நீங்களும் போன்ல பணம் கட்டிட்டீங்களா? இந்த மாசத்துல நீங்க மூணாவது குடும்பம்மா." அது தனியார் வீடு. உரிமையாளர் பெங்களூரில் இருக்கிறார், யாருக்கும் வாடகைக்கு விடுவதில்லை. கேட் மட்டும்தான் நிஜம். தோட்டமும் ரூமும் வேறு எங்கேயோ எடுத்த படங்கள். அவனுக்குப் போன் செய்தால் ஸ்விட்ச் ஆஃப்.

அந்தச் சரிவான ரோட்டில் அம்மா பையின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். பர்ஸைத் திறந்து, நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தார். அவருடைய மணிமணியான கையெழுத்தில், "கீழ்த்தள அறை. வெந்நீர் உண்டு. கைப்பிடி உண்டு" என்று இருந்தது. அதற்குக் கீழே 6,400, மறுபடியும் 6,400. அப்போதுதான் எனக்கு விஷயமே தெரியும். என் வாயில் வந்த முதல் வார்த்தை, "பின் நம்பர் ஏம்மா போட்ட?" அம்மா பதில் சொல்லவில்லை. ஃப்ளாஸ்க் மூடியைத் திருகித் திருகி மூடிக்கொண்டே இருந்தார்.

அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கவே கூடாது. நான் அப்படிக் கேட்பேன் என்று பயந்துதான் வியாழக்கிழமையிலிருந்து அம்மா வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கே சொல்லியிருந்தால் அன்றைக்கே 1930-க்குப் போன் செய்திருப்போம். சைபர் குற்றங்களுக்கான அந்த எண்ணில் எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது. பணம் அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. எங்களுக்கு இரண்டு நாள் வீணாகிவிட்டது.

கேட் வாசலிலிருந்தே 1930-க்குச் சொன்னேன். பணம் அனுப்பிய தேதி, நேரம், தொகை, ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் அடையாளமாக உள்ள 12 இலக்க யூடிஆர் (UTR) எண் எல்லாம் கேட்டார்கள். அதனால் ஸ்கிரீன்ஷாட்டையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழித்துவிடாதீர்கள். கோபத்தில் அந்த எண்ணைப் பிளாக் செய்து சாட்டை அழிக்கப் போனார் அம்மா, பெரியவர்தான் தடுத்தார். அம்மா கட்டியதில் 2,150 ரூபாயை மட்டும் நிறுத்தி வைத்திருப்பதாகப் பிறகு தகவல் வந்தது. இன்னும் கைக்கு வரவில்லை. வங்கிக் கிளையில் "பின் நீங்களே போட்டதுதானேம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அறுபது வயதைத் தாண்டியவரிடம், அத்தனை பேர் நடுவில், அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்.

வீட்டுக்கு வந்த பிறகு அந்த ரிவ்யூக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாமே மூன்று வாரத்துக்குள் போட்டவை. போட்டவர்கள் வேறு எந்த இடத்துக்கும் ரிவ்யூ எழுதியதில்லை. மேப்பில் புது இடத்தை யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம், இருக்கும் இடத்தின் போன் எண்ணை மாற்றச் சொல்லியும் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். எனவே அந்த எண்ணை மட்டும் நம்பாதீர்கள். வீடியோ காலில் வந்து ரூமையும் வாசலையும் காட்டச் சொல்லுங்கள். நிஜமாக ரூம் வைத்திருப்பவர் அதற்கு யோசிக்க மாட்டார்.

அன்றைக்குப் பெரியவர்தான் எங்களுக்குக் கறுப்பு டீ போட்டுக் கொடுத்து, பக்கத்தில் ஒரு குடும்பத்தார் நடத்தும் சின்ன லாட்ஜில் சொல்லிவிட்டார். கீழ்த்தளம், வெந்நீர் பக்கெட்டில் வந்தது, பணம் கிளம்பும்போதுதான் வாங்கினார்கள். ஞாயிறு காலை கோக்கர்ஸ் வாக்கில் என் கையைப் பிடித்துக்கொண்டு அம்மா மெதுவாக நடந்தார். பள்ளத்தாக்கு முழுக்கப் பனி, எதுவும் தெரியவில்லை. "உன்கிட்ட சொல்லியிருக்கணும்டி" என்றார். "நான் கேட்ட விதம் தப்பும்மா" என்றேன். அதற்கு மேல் அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை. திரும்பும் வழியில் மலைப்பூண்டு கால் கிலோ வாங்கினோம்.

திங்கட்கிழமை கிளம்பும் முன் அம்மா அந்தப் பச்சை கேட்டுக்கு இன்னொரு முறை போக வேண்டும் என்றார். கடையில் ஒரு அட்டையும் மார்க்கரும் வாங்கி, திண்ணையில் உட்கார்ந்து, கரும்பலகையில் எழுதுவது போலப் பெரிய எழுத்தில் எழுதினார்: "இங்கு அறை வாடகைக்கு இல்லை. போனில் பணம் கட்டியிருந்தால் உடனே 1930-ஐ அழைக்கவும்." பெரியவர் அதைக் கம்பியால் கேட்டில் கட்டினார்.

மேப்பில் அந்த இடம் நேற்று வரை அப்படியேதான் இருக்கிறது. நான் மூன்று முறை புகார் கொடுத்துவிட்டேன். நாயுடுபுரம், பச்சை கேட், பாத்ரூமில் கைப்பிடி என்று யாராவது உங்களிடம் பேசினால் போனை வைத்துவிடுங்கள்.