ஆர்க் மோட்: நான்கு வருடம் பயன்படுத்திய பிறகு

முன்பு நான் நம்பியிருந்த ஒரு செயலியைத் திடீரென மூடிவிட்டார்கள். என் வேலைப் பட்டியலில் பாதிதான் திரும்பக் கிடைத்தது. அப்புறம்தான் ஈமேக்ஸ் என்ற எடிட்டருக்குள் இயங்கும், குறிப்புகளும் வேலைப் பட்டியலும் எழுதி வைக்க உதவும் ஆர்க் மோடுக்கு வந்தேன். கார்ஸ்டன் டொமினிக் என்ற வானியலாளர் 2003இல் தொடங்கிய இலவச மென்பொருள் இது. எல்லாமே சாதாரண எழுத்துக் கோப்புதான், எந்த எடிட்டரிலும் திறக்கலாம்.

நான் மொழிபெயர்ப்பாளர். ஒரு நட்சத்திரக் குறி போட்டு நூலின் பெயர், இரண்டு போட்டு ‘மூன்றாம் அத்தியாயம், மெய்ப்பு’ என்று எழுதுவேன். முடிந்ததும் அந்த வரியில் நின்று ஷிஃப்டையும் வலது அம்புக்குறியையும் அழுத்தினால் அதில் இருக்கும் ‘டுடூ’ (செய்ய வேண்டியது) என்பது ‘டன்’ (முடிந்தது) ஆகிவிடும். எனக்கு ரொம்பப் பிடித்தது அஜெண்டா, அதாவது வேலைகளை நாள்வாரியாகத் தொகுத்துக் காட்டும் பக்கம். கெடு தேதி குறித்துவிட்டால், 14 நாள் முன்பிருந்தே தினமும் அதில் எட்டிப் பார்க்கும். கடைசி நேர ஓட்டம் எனக்குக் குறைந்தது இதனால்தான்.

சரி, பழகுவது எளிதல்ல. விசைகள் கைக்கு வரவே எனக்கு மூன்று வாரம் ஆனது. கைப்பேசியிலேயே எல்லாம் செய்பவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

போன மாதம் கணினி மாற்றினேன். ஒரே ஒரு கோப்புறையை நகலெடுத்தேன். நான்கு வருடக் குறிப்புகளும் அப்படியே இருந்தன.